ஒரு தாயின் தள்ளாட்டமும் ஒரு மகளின் தேடலும்



காலை நேரம். பட்டணத்து வீதியொன்றை நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் கடந்து செல்கிறார். நடை நேராக இல்லை. கால் ஒரு பக்கம் போகிறது, உடல் மறுபக்கம் சாய்கிறது. பார்த்துக்கொண்டு நின்ற பொலிஸ்காரர் சத்தம் போடுகிறார். விடிந்ததும் விடியாததுமாகக் குடித்துவிட்டு வீதியில் நடமாட வெட்கமாயில்லையா என்று கேட்கிறார். அந்தப் பெண்மணியோ குடித்திருக்கவில்லை. நீதிமன்றத்தில் ஜூரர் கடமை செய்வதற்காகச் சென்றுகொண்டிருந்தவர் அவர்!

இது நடந்தது 1968ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில். அப்பெண்மணியின் பெயர் லெனோர் வெக்ஸ்லர். விலங்கியல் கற்ற பட்டதாரி. வளர்ந்த இரு பெண் பிள்ளைகளின் தாய். அன்று அந்தப் பொலிஸ்காரர் சொன்ன சொல் அவரை வைத்தியரிடம் போக வைத்தது. வைத்தியர் சொன்ன நோயின் பெயரோ அவருக்குப் புதியதல்ல. அவருடைய தந்தை அதே நோயினால்தான் இறந்தார். மூத்த சகோதரர்கள் மூவரும் அதே நோய்க்கு ஆளாகியிருந்தனர். ஆனால் இது ஆண்களுக்கு மட்டுமே வரும் நோய் என்று சிறு வயதில் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்தப் பிழையான ஆறுதலில்தான் அவர் திருமணம் முடித்தார், பிள்ளைகளும் பெற்றார்.

அந்தப் பிள்ளைகளில் இளையவர் நான்சி வெக்ஸ்லர். அப்போது அவருக்கு வயது 23. இக்கட்டுரை அவரைப் பற்றியது. அவர் தேடிப் போன ஓர் ஏரிக்கரையைப் பற்றியதுமாகும்.

அது என்ன நோய்?

ஹன்டிங்டன் நோய் என்று அதற்குப் பெயர். மூளையின் உட்பகுதியிலுள்ள சில நரம்புக் கலங்கள் படிப்படியாக அழிந்துபோவதால் வருவது. பெரும்பாலும் முப்பது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் இடையில் தலைகாட்டும். அதுவரை ஆள் நல்ல சுகமாகவே இருப்பார். முதலில் விரல்கள் தாமாக அசையும். கையிலிருக்கும் கோப்பை தவறும். பிறகு கை, கால், முகம் எல்லாமே அவர் விரும்பாமலே ஆடத் தொடங்கும். தூக்கத்தில் மட்டும் பெரும்பாலும் அடங்கும். பேச்சு குழறும். விழுங்குவது கடினமாகும்.

இதைவிடக் கொடியது ஒன்றுண்டு. உடல் ஆடத் தொடங்கு முன்னரே சிலருக்குக் குணம் மாறிவிடும். அமைதியான மனிதர் எரிந்து விழுவார். சுறுசுறுப்பான பெண் ஒரு மூலையில் முடங்கிக் கிடப்பாள். கடும் மனச்சோர்வு பிடிக்கும். வீட்டார் அதை நோயென்று எண்ணாமல் திமிர் என்றும் சோம்பல் என்றும் ஏசுவார்கள். பதினைந்து இருபது ஆண்டுகள் இப்படியே தேய்ந்து போகும் வாழ்வு அது.

இந்நோயைத் தெளிவாக எழுதி வைத்தவர் ஜோர்ஜ் ஹன்டிங்டன் என்ற அமெரிக்க வைத்தியர். 1872இல் அவர் அக்கட்டுரையை எழுதியபோது வயது வெறும் 22! இவ்வளவு இளம் வயதில் எப்படி எழுத முடிந்தது என்று கேட்பீர்கள். அவருடைய தந்தையும் தந்தையின் தந்தையும் நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்ட் பகுதியில் வைத்தியர்களாக இருந்தவர்கள். மூன்று தலைமுறை வைத்தியர்கள் அதே குடும்பங்களின் மூன்று தலைமுறை நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். சிறுவனாக இருந்தபோது தந்தையுடன் வண்டியில் போகையில், மரங்கள் சூழ்ந்த பாதையில் ஒரு தாயும் மகளும் எதிரே வந்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். இருவரும் உயரம், இருவரும் மெலிவு, இருவர் உடலும் முறுகி வளைந்து ஆடிக்கொண்டிருந்தது. அக்காட்சி அவர் மனதை விட்டு அகலவேயில்லை.

அவர் கவனித்த இன்னொன்று மிக முக்கியமானது. தாய்க்கோ தந்தைக்கோ இந்நோய் இருந்து, பிள்ளை ஒன்று அதிலிருந்து தப்பிவிட்டால் அப்பிள்ளையின் சந்ததிக்கு இது வருவதில்லை. நூல் அறுந்துவிடுகிறது. ஒரு தலைமுறையைத் தாண்டி அடுத்ததில் வந்து குதிக்கும் வழக்கம் இதற்கில்லை.

நாணயத்தைச் சுண்டுவது போல

இந்த இடத்தைச் சற்று நிதானமாக வாசியுங்கள். பரம்பரை நோய் என்றாலே நம்மவர்களில் பலர் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள். அது சரியல்ல.

நம் உடலின் கலங்களுக்குள் நிறமூர்த்தங்கள் என்ற இழைகள் இருபத்துமூன்று சோடிகளாக உள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று உம்மாவிடமிருந்தும் மற்றது வாப்பாவிடமிருந்தும் வந்தவை. அவ்விழைகளில் வரிசையாக அமைந்திருப்பவை பரம்பரையலகுகள். சில நோய்கள் வருவதற்கு இரு பக்கமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர வேண்டும். நமது நாட்டில், குறிப்பாகக் குருநாகல் பகுதியில், பல குடும்பங்களைக் கண்ணீர் விட வைக்கும் தலசீமியா அத்தகையது. மாமி மகன், மாமா மகள் என்று இரத்த உறவுக்குள் திருமணம் முடிக்கும்போது இத்தகைய நோய்கள் வர வாய்ப்புக் கூடுவது அதனால்தான்.

ஹன்டிங்டன் நோய் அப்படிப்பட்டதல்ல. ஒரு பக்கத்திலிருந்து ஒரேயொரு பழுதான பிரதி வந்தாலே போதும். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் வேறுபாடு கிடையாது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். மூத்தவர்கள் இருவருக்கும் வந்துவிட்டது, ஆகவே மூன்றாமவள் தப்பிவிடுவாள் என்று கணக்குப் போட முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாணயம் புதிதாகச் சுண்டப்படுகிறது. லெனோரின் வீட்டில் சகோதரர் மூவரோடு அவருமாக நான்கு முறை சுண்டப்பட்டு நான்கு முறையும் ஒரே பக்கம் விழுந்தது!

நான்சிக்கும் அவருடைய அக்கா அலிசுக்கும் இதனைச் சொன்னவர் அவர்களுடைய தந்தை மில்டன் வெக்ஸ்லர். அவர் உளவியல் சிகிச்சையாளர். லெனோரை விவாகரத்துச் செய்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் அவர் விலகிப் போகவில்லை. பிள்ளைகளை அழைத்து உட்கார வைத்து உள்ளதை உள்ளபடி சொன்னார். அவ்வாண்டே இத்தகைய நோய்களை ஆராய்வதற்கென ஒரு நிதியத்தைத் தொடங்கினார். பிரபல பாடகர் வூடி கத்ரி இந்நோயினால் 1967இல் இறந்திருந்தார். அவருடைய மனைவியாக இருந்த மார்ஜரியும் அக்காலத்திலேயே நோயாளர் குடும்பங்களைத் திரட்டத் தொடங்கியிருந்தார். ஒளித்து வைத்த நோயை வெளியே கொண்டுவந்தவர்களில் பெண்களின் பங்கு பெரிது என்பதை இங்கு சொல்லியே ஆகவேண்டும்.

அக்காவும் தங்கையும் அன்றே ஒரு முடிவுக்கு வந்தார்கள். தாங்கள் பிள்ளை பெறுவதில்லை என்பதே அம்முடிவு. தாயாகும் ஆசை பெண்ணின் நெஞ்சில் எவ்வளவு ஆழமானது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான்சி மருத்துவம் படித்தவரல்லர். அவர் உளவியல் படித்தவர். 1974இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். தாய் 1978 மே மாதத்தில் காலமானார். அமெரிக்காவில் அன்னையர் தினமாகக் கொண்டாடும் நாளில்! அடுத்த ஆண்டு மகள் தென்னமெரிக்காவுக்குப் புறப்பட்டார்.

ஏரிக்கரையில்

வெனிசுவேலா நாட்டில் மராக்கைபோ என்று ஒரு பெரிய ஏரி உண்டு. எண்ணெய் வளத்துக்குப் பேர்போன இடம். ஆனால் அதன் கரையோர மீனவர்கள் பரம ஏழைகள். சான் லூயிஸ், பரங்கித்தாஸ், லகுனேத்தா என்பன அவர்களுடைய குடியிருப்புகள். லகுனேத்தாவில் வீடுகள் தண்ணீருக்குள் மரக்கால்கள் நட்டு அதன்மேல் கட்டப்பட்டவை. வீட்டுக்கு வீடு போவதற்கும் தோணிதான்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்கோ நெக்ரெத்தே என்ற இளம் வைத்தியர் சான் லூயிஸில் பணிக்கு வந்தார். வீதிகளில் தள்ளாடித் தள்ளாடி நடப்போரைக் கண்டு, இவ்வூரில் இத்தனை குடிகாரர்களா என்று எண்ணினார். ஊர்மக்களோ, அது குடியல்ல, பரம்பரையாக வரும் நோய் என்று விளக்கினர். லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ்காரர் நினைத்ததையே இவரும் நினைத்திருக்கிறார், பார்த்தீர்களா? ஒரு வித்தியாசம். இவர் விசாரித்தார். குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்தார். இது ஹன்டிங்டன் நோய்தான் என்று எழுதினார். உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1872ஆம் ஆண்டுக் கட்டுரையின் நூற்றாண்டை முன்னிட்டு 1972இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த மகாநாட்டில், ரமோன் அவிலா ஹிரோன் என்ற மற்றொரு வெனிசுவேலா வைத்தியர் அக்கிராமங்களில் எடுத்த படத்தைத் திரையிட்டார். ஒரே ஊரில் இத்தனை நோயாளிகளா என்று விஞ்ஞானிகள் திகைத்துப் போனார்கள்.

நான்சி அங்கு முதலில் தேடிப் போனது ஒரு விசேட ஆளை. தாயும் தந்தையும் இருவருமே நோயாளிகளாக இருந்து, இரு பக்கமிருந்தும் பழுதான பிரதியைப் பெற்ற ஒருவர் கிடைப்பாரா என்பதே தேடல். உறவுக்குள்ளேயே திருமணங்கள் நடக்கும் அக்குடியிருப்புகளில் அத்தகையோர் உண்மையிலேயே இருந்தனர். பின்னர் அவர்களை ஆராய்ந்தபோது வியப்பான ஒன்று தெரிந்தது. இரண்டு பிரதிகள் இருந்ததனால் நோய் இருமடங்காகத் தாக்கவில்லை. ஒன்றே செய்யும் கேட்டையெல்லாம் செய்துவிடுகிறது.

1981 முதல் ஒவ்வோராண்டும் வைத்தியர்களும் தாதியரும் கொண்ட குழுவோடு அவர் அங்கு போய்வந்தார். என்ன வேலை? வீடு வீடாகச் சென்று உட்கார்ந்து உறவு விசாரிக்கும் வேலை! யாருக்கு யார் பிள்ளை, யாருக்கு யார் மனைவி, மூத்தார் யார், இளையார் யார், எவருக்கு நோய் வந்தது, எத்தனை வயதில் வந்தது... நம் ஊர் மூத்தம்மாமார் திண்ணையில் குந்தி ஏழு தலைமுறையைச் சொல்லுவார்களே, அதையேதான் இவர் ஆண்டுக்கணக்காகக் கேட்டு எழுதினார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம் என்று வரைந்த அந்த வம்சாவளி வரைபடம் வளர்ந்து வளர்ந்து நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய நடைபாதைச் சுவர்களை நிறைத்தது. பத்துத் தலைமுறை. பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். கிளைகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கரையில் வாழ்ந்த மரியா கொன்செப்சியோன் என்ற ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது.

பெயர் சொன்னவர்கள் இரத்தம் தரத் தயங்கினார்கள். தயங்காமல் என்ன செய்வார்கள்? எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரர்கள் ஊசியோடு நிற்கிறார்கள். இரத்தம் போனால் கடலில் உழைக்கும் பலமும் போய்விடும் என்று ஆண்கள் அஞ்சினார்கள். அப்போது நான்சி தன் சொந்தக் கதையைச் சொன்னார். என் தாய்க்கும் இதே நோய், எனக்கும் வரக்கூடும் என்றார். வடக்கே பணக்கார நாட்டிலும் இந்த நோய் உண்டா என்று அவர்களுக்குப் பெரும் அதிசயம். நம்புவதற்குக் கடினமாகவும் இருந்தது. ஆராய்ச்சிக்காக நான்சியும் தன் கையிலிருந்து சிறிதளவு தோலை வெட்டிக் கொடுத்திருந்தார். அந்தத் தழும்பைக் குழுவிலிருந்த தாதி ஒருவர் எல்லோருக்கும் பிடித்துக் காட்டினார். அதன் பிறகே ஒவ்வொருவராகக் கையை நீட்டினர்.

நோயாளிகளை அருவருக்காமல் கட்டியணைத்துக்கொள்வார் அவர். ஆடிக்கொண்டிருக்கும் கைகளைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். பொன்னிறத் தலைமுடியைக் கண்டு 'கத்தீரா' என்று அவ்வூர்ப் பிள்ளைகள் செல்லப் பெயர் வைத்தார்கள். அந்தக் கைகளில் தான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தன் தாயின் கடந்த காலத்தையும், நாணயம் தவறி விழுந்திருந்தால் தன் எதிர்காலத்தையும்.

சிக்கிக்கொண்ட கசெட்

எடுத்த இரத்தம் உடனுக்குடன் விமானத்தில் பொஸ்டன் நகருக்குப் போனது. அங்கே ஜேம்ஸ் குசெல்லா என்ற இளம் விஞ்ஞானி அதனை ஆராய்ந்தார். நாடு முழுவதும் ஒரு வீட்டைத் தேடுவதானால் முதலில் அது எந்த மாவட்டம், எந்த வீதி என்று தெரிய வேண்டுமல்லவா? அதுபோல நோயாளிகளிடம் எப்போதும் சேர்ந்தே காணப்படும் ஓர் அடையாளக் குறியை டி.என்.ஏ. இழையில் கண்டுபிடிப்பதே திட்டம். பல்லாண்டுகள் ஆகலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். முதலில் சோதித்த ஒரு டசின் குறிகளுக்குள்ளேயே அது அகப்பட்டுவிட்டது! 1983 நவம்பரில் செய்தி வெளியாயிற்று. நோய்க்குக் காரணமான அலகு நான்காம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது.

வீதி தெரிந்துவிட்டது. வீடு தெரிய இன்னும் பத்தாண்டுகள் பிடித்தன. ஆறு ஆராய்ச்சிக் குழுக்கள், ஐம்பத்தெட்டு விஞ்ஞானிகள். யார் முதல்வர் என்று போட்டி போடாமல் ஒரே குழுவின் பெயரில் 1993 மார்ச் மாதம் கட்டுரையை வெளியிட்டார்கள். (நம் ஊர்ச் சங்கங்களில் இப்படி ஒன்று நடந்தால் அதையும் ஓர் அதிசயமாகவே எழுதலாம்!) அதே ஆண்டு நான்சிக்கு அமெரிக்காவின் உயர்ந்த மருத்துவப் பரிசுகளில் ஒன்றான லஸ்கர் பரிசு கிடைத்தது.

அப்படி என்ன பழுது அங்கே? கசெட்டில் பேச்சொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் சிக்கி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதுதான். டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்ட நூல். அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துச் சொல் இந்த இடத்தில் அடுத்தடுத்து வரும். 35 தடவைகள் வரை வந்தால் நோயில்லை. 40 அல்லது அதற்கு மேல் போனால், ஆயுள் இருக்கும் பட்சத்தில் நோய் வந்தே தீரும். இடைப்பட்ட எண்ணிக்கை உள்ளோரில் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. 60ஐத் தாண்டினால் சிறு வயதிலேயே வந்துவிடக்கூடும். தந்தை வழியாக இறங்கும்போது இந்த எண்ணிக்கை மேலும் நீள்வதுண்டு. இவ்வாறு நீண்டுபோன சொல்லினால் உண்டாகும் புரதமும் நீண்டு கோணலாகி, மூளைக் கலங்களுக்குள் குப்பையாகச் சேர்கிறது.

ஆனாலும் எண்ணிக்கை ஒன்றே எல்லாம் அல்ல. ஏரிக்கரைக் குடும்பங்களின் விபரங்களைத் திரட்டி 2004இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே எண்ணிக்கை உடையவர்களிடையேயும் நோய் தொடங்கும் வயது வெகுவாக வேறுபடுவது தெரிந்தது. மற்ற அலகுகளுக்கும் வாழும் சூழலுக்கும் இதில் கையுண்டு. எந்த நாளில் தொடங்கும் என்று எந்த வைத்தியராலும் சொல்ல இயலாது.

நீங்களாக இருந்தால்?

அலகு கிடைத்ததும் ஒரு பரிசோதனையும் கிடைத்தது. சிறிது இரத்தம் எடுத்து எண்ணிப் பார்த்தால் போதும். இருபது வயதில், ஒரு நோவும் இல்லாத ஒரு பெண்ணுக்கு, உனக்கு நாற்பதில் அல்லது ஐம்பதில் இந்நோய் வரும் என்று சொல்லிவிடலாம். குணப்படுத்த மருந்து எதுவும் இல்லாமலே!

சகோதரிகளே, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அறிந்துகொள்வீர்களா? அறியாமல் இருப்பதே மேல் என்பீர்களா?

பரிசோதனை வருவதற்கு முன்னர் கேட்டபோது, வந்தால் நிச்சயம் செய்துகொள்வோம் என்று சொன்னவர்கள் ஏராளம். வந்த பின்னர் உண்மையில் செய்துகொண்டோர் சிறு பகுதியினரே. தான் செய்துகொள்வதா இல்லையா என்பது பற்றி நான்சி நீண்ட காலம் வெளியில் பேச விரும்பவில்லை. உளவியல் கற்றவர் என்ற முறையில் அவர் வேறொன்றை வற்புறுத்தினார். ஆலோசனை வழங்காமல், ஆளைத் தயார்படுத்தாமல், கடிதத்தில் எழுதியனுப்புவது போல முடிவைச் சொல்லக் கூடாது என்றார். இப்போது உலகெங்கும் வழக்கத்திலுள்ள ஒழுங்கும் அதுவே. நோய்க்குறி இல்லாத சிறுபிள்ளைகளுக்கு இதைச் செய்வதில்லை. பெற்றோர் கேட்டாலும் இல்லை. பிள்ளை வளர்ந்து தானாக முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுவார்கள். நியாயமான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

எதிர்காலத்தைச் சொல்வது மறைவான அறிவில் கைவைப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரத்தத்தில் இருப்பதை எண்ணிப் பார்ப்பது சாத்திரம் பார்ப்பதல்ல. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது போன்றதே. நாளைக்கு நடப்பதை அது சொல்லவில்லை. இன்றைக்கு உடலில் உள்ளதைத்தான் சொல்கிறது.

மெய்யான சிக்கல் திருமணப் பேச்சில் இருக்கிறது. வெக்ஸ்லர் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லெனோரின் தந்தைக்கு இருந்த நோய் பற்றி வீட்டில் வாய் திறப்பாரில்லை. மூடி வைத்ததால் நோய் நிற்கவில்லை. அடுத்த தலைமுறை ஆயத்தமில்லாமல் அகப்பட்டுக்கொண்டது. நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் சுகமில்லாத சாச்சியைப் பின்னறையில் இருத்திக் கதவைச் சாத்துகிறோம். வலிப்பு வரும் பிள்ளையைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம். தனக்குள் இருப்பதை அறிந்துகொள்ளாமல் இருக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அறிந்துகொண்டதை, கைப்பிடிக்கப் போகிறவரிடம் மறைக்க உரிமை உண்டா? இல்லை என்றே நான் சொல்வேன். நிகாஹ் என்பது ஓர் ஒப்பந்தம். குறையை மறைத்துச் செய்யும் வியாபாரத்தையே மார்க்கம் ஏற்காதபோது, குறையை மறைத்துச் செய்யும் திருமணத்தை என்னவென்பது? அதேவேளை, உண்மையைச் சொன்ன வீட்டைப் பற்றி ஊரெல்லாம் கதை பரப்பும் வாய்களும் இதற்குப் பொறுப்பாளிகள். சொன்னால் பிள்ளை வீட்டோடு இருந்துவிடும் என்ற பயத்தினால்தானே மறைக்கிறார்கள்?

அமெரிக்காவில் வேறொரு பயம். முடிவு தெரிந்தால் வேலை போய்விடுமோ, மருத்துவக் காப்புறுதி கிடைக்காதோ என்ற பயம். பரம்பரை அலகைக் காரணம் காட்டி அவற்றை மறுக்க முடியாதபடி 2008இல் அங்கு சட்டம் கொண்டுவந்தார்கள்.

பராமரிப்போர் அறிய வேண்டியது

இந்நோயில் படுப்பவர் ஒருவராயினும் தேய்பவர்கள் பலர். அதிகம் தேய்பவள் வீட்டுப் பெண்தான். இந்நோய் மட்டுமன்றி, நடுக்கமும் விழுங்கச் சிரமமும் உள்ள எவரையும் பராமரிப்போருக்குப் பயன்படும் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஹன்டிங்டன் நோயாளி ஓயாமல் அசைந்துகொண்டிருப்பதால் அவருடைய உடல் எரிக்கும் சக்தி மிக அதிகம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிவதுண்டு. ஆகவே மூன்று வேளை போதாது. சிறிது சிறிதாகப் பல தடவைகள், கொழுப்பும் சத்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர், தேநீர் போன்ற ஐதான பானங்கள்தாம் தொண்டையில் சிக்கி மூச்சுக்குழாய்க்குள் போகும். கஞ்சிப் பதத்தில் தடிப்பாக இருப்பவை இலகுவாக இறங்கும். நிமிர்ந்து உட்கார வைத்தே ஊட்ட வேண்டும். ஊட்டும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது. வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டால் நல்லது. சுவரோரமும் கட்டிலோரமும் மெத்தை வைத்தால் காயம் குறையும். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். விளங்கவில்லை என்பதல்ல, சொல் வர நேரமெடுக்கிறது. கோபப்பட்டால் எதிர்த்து நிற்காமல் சற்று விலகி நின்று வாருங்கள். அந்தக் கோபம் உங்கள் மேல் வந்ததல்ல, நோயிலிருந்து வந்தது. வாழ்வை முடித்துக்கொள்வது பற்றிய பேச்சு வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்த மனச்சோர்வுக்கு நல்ல மருந்துகள் உண்டு.

மருந்து?

உடலின் ஆட்டத்தைக் குறைக்கும் டெட்ராபெனசின் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 2008இல் அனுமதி வழங்கியது. ஆட்டம் குறையுமே தவிர நோய் நிற்பதில்லை. பழுதான புரதம் உண்டாவதைக் குறைப்பதற்காகப் பெரும் எதிர்பார்ப்போடு பரீட்சித்துப் பார்த்த மருந்தொன்று 2021 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்டது. நம்பியிருந்த குடும்பங்கள் நொறுங்கிப் போயின. பின்னர் 2025 செப்டம்பரில் மற்றொரு சிகிச்சை பற்றிச் செய்தி வந்தது. மண்டையோட்டைத் துளைத்து, பல மணி நேர சத்திரசிகிச்சை மூலம் மூளைக்குள் ஒரே தடவை செலுத்துவது அது. கூடிய அளவு மருந்து பெற்றவர்களிடம் மூன்றாண்டுகளில் நோயின் வேகம் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்திருந்ததாக, உருவாக்கிய நிறுவனமே அறிவித்தது. ஆனால் மூன்றாண்டும் அவ்வாறு அவதானிக்கப்பட்டவர்கள் பன்னிரண்டு பேர்தான். ஆகவே ஆறுதல் கொள்ளலாம், ஆரவாரம் செய்வதற்கில்லை.

ஏரிக்கரைக்குத் திரும்புவோம். நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இரத்தம் கொடுத்த அம்மக்களுக்கு என்ன கிடைத்தது? நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லமொன்று 1999இல் மராக்கைபோவில் திறக்கப்பட்டது. நான்சியின் வருடாந்தப் பயணங்கள் 2002உடன் நின்றுபோயின. அரசுகளுக்கிடையிலான பகைமை ஆராய்ச்சிக்குள்ளும் புகுந்துவிட்டது. அதன் பின்னர் வெனிசுவேலாவில் வந்த கடும் பொருளாதார நெருக்கடியில் மருந்தும் உணவும் அரிதாயின. ஒரு நாளைக்கு இரண்டு ஆள் சாப்பாடு தேவைப்படும் நோயாளிக்கு ஓர் ஆள் சாப்பாடும் இல்லாமற் போனால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். உலகுக்கு அலகைக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தக் கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை என்பதே என் எண்ணம்.

நான்சி வெக்ஸ்லர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவருடைய நடை மாறி வருவதையும் பேச்சுத் தடுமாறுவதையும் அருகிலிருந்தோர் பல ஆண்டுகளாகவே கவனித்து வந்தனர். எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 2020 மார்ச்சில், தனது 74ஆவது வயதில், தன் தாய்க்கிருந்த நோய் தனக்கும் இருப்பதாக நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வாயிலாக அவர் பகிரங்கமாக அறிவித்தார். இந்நோயைச் சூழ்ந்திருக்கும் வெட்கமும் ஒளிப்பும் நீங்க வேண்டும் என்பதற்காகவே சொல்வதாகக் கூறினார். அறிவித்த பின்னரும் ஏரிக்கரைக் குடும்பங்களின் விபரங்களை வைத்துக்கொண்டு வேலை செய்துகொண்டுதான் இருந்தார்.